சாமிக்கு நேர்ந்த முடி

எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை என்று சொல்லாத டாக்டர் திருத்தணியில் கிடையாது. ஈசிஜி எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. தைராய்டு பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. சர்க்கரை கொஞ்சம் கோட்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, பிரஷர் இன்றைக்கு ஏறுகிறது நாளைக்கு இறங்குகிறது, இந்த வயதில் இதெல்லாம் சகஜம் என்றார்கள். நெஞ்சு படபடக்கிறதே என்றேன். "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்றார் ஒருவர். ஆகாமல் இருக்கத் தெரிந்தால் நான் ஏன் டோக்கன் வாங்கிக்கொண்டு அங்கே போய் உட்காரப்போகிறேன்?

என் பெயர் மனோரமா. ஐம்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு, உங்களுக்கு ஆகித்தான் என்ன கிழித்துவிட்டீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். அதனாலேயே யாரும் இப்போது கேட்பதில்லை. வேறு எதையும்கூடக் கேட்பதில்லை.

கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். பகலெல்லாம் பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு என்னைச் சுற்றி நிற்பார்கள். "எனக்குச் சின்ன முட்டை, அவனுக்குப் பெரிய முட்டையா?" என்று பஞ்சாயத்துக்கு வருவார்கள். சாயங்காலம் பஸ் ஏறி, திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் காபி குடித்து வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். நகர்த்த ஆள் இல்லை. அதைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். டம்ளர் மேல் கோபப்பட்டு என்ன செய்வது, எடுத்துக் கழுவி வைப்பேன்.

எனக்கென்று இருப்பது ஒரு தம்பி, குமரவேல். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். அம்பத்தூரில் கம்பெனி வேலை. பள்ளிப்பட்டுப் பெண் சுஜாதாவைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடித்தனம். நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வண்டியைத் துடைத்துக்கொண்டே பேசுவான்.

"டாக்டர் இன்னாக்கா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லன்னாரு."

"அப்புறம் இன்னா? நிம்மதியா இரு."

ஒன்றும் இல்லை என்றால் அவனுக்கு நிம்மதி. எனக்குத்தான் அதைக் கேட்டால் வயிறு எரியும். ஒரே ஒரு தடவை அவன் லீவு போட்டுவிட்டு வந்து, என்னோடு அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார வேண்டும். என் பேரைக் கூப்பிடும்போது அவனும் கூட எழுந்து வர வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். ஆனால் ஒன்றும் இல்லாத உடம்புக்கு யார் லீவு போடுவார்கள்?

இந்த இடத்தில் என் முடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இடுப்புக்குக் கீழே இறங்கும் முடி எனக்கு. முகத்தைப் பற்றி யாரும் பாராட்டியதில்லை, முடியைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லை. போன வருஷம் சுஜாதாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. உள்ளங்கை அளவு உடம்பு, கண்ணாடிப் பெட்டிக்குள் குழாயும் வயருமாகக் கிடந்தது. குமரவேல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நான் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று, "தணிகை முருகா, இது பொழைச்சு வரட்டும். இதுக்கு மொத மொட்டை போடற அன்னிக்கு என் முடியையும் சேர்த்து உனக்குக் குடுத்துடறேன்" என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்துவிட்டது. யுவஸ்ரீ என்று பெயர் வைத்தார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொட்டை என்று நாளும் குறித்துவிட்டார்கள்.

சாமிக்கு நேர்ந்த முடியில் அதற்கு முன்னால் கத்தரி படக்கூடாது. எங்கள் பக்கத்தில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். நுனி பிளந்தால்கூட வெட்டக் கூடாது. சாமி சொத்தில் கை வைத்ததாக அர்த்தம். கை வைத்தவர்களைச் சாமி ஒன்றும் செய்யாது, யாருக்காக நேர்ந்தோமோ அவர்களைத்தான் பிடிக்கும் என்பார்கள்.

இந்த நிலைமையில்தான், சித்திரை வெயிலில் ஒரு நாள், பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் ஜெபசெல்வி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரக்கோணத்துப் பெண். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு பை. சென்னையில் இருக்கிற ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஆராய்ச்சி செய்கிறார்களாம், தனியாக வாழ்பவர்களைத் தேடுகிறார்களாம்.

"நீங்க தனியா இருக்கீங்களாம்மா?" என்றாள்.

"பாத்தாலே தெரியுதா?" என்றேன்.

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். பின்னந்தலையில் பென்சில் தடிமனுக்குக் கொஞ்சம் முடியைத் தோலை ஒட்டி வெட்டிக்கொள்வார்களாம்.

"எதுக்கு, சவுரி கட்டவா?"

"இல்லம்மா. பயந்தா, கவலைப்பட்டா ஒடம்புல கார்டிசோல்னு ஒரு ஹார்மோன் ஊறும். ரத்தத்துல பாத்தா அந்த நேரத்து அளவுதான் தெரியும். ஊசியப் பாத்த பயத்துலயே சில பேருக்கு ஏறிடும். முடி அப்படி இல்ல. மாசம் ஒரு சென்டிமீட்டர் வளருது இல்லையா, வளரும்போதே அதையும் உள்ள வெச்சுக்கும். மூணு சென்டிமீட்டர் முடின்னா மூணு மாசத்துக் கவலை."

நான் என் ஜடையை முன்னால் எடுத்து மடியில் போட்டேன். "அப்ப இதுல எத்தினி வருஷத்துக் கவலை இருக்கு, பாத்துக்க."

"பழசெல்லாம் எண்ணெயும் தண்ணியும் பட்டுக் கரைஞ்சு போயிடும்மா. வேர்ப்பக்கம் இருக்கறதத்தான் நம்பலாம்."

பழைய கவலை கரைந்துபோகும் என்று ஒருத்தி பரிசோதனைக்கூடத்தின் பேரில் அடித்துச் சொன்னதை அன்றுதான் கேட்டேன். அந்த அளவு யாருக்கு அதிகமாக இருக்கிறதோ அவர்களுக்குப் பின்னால் மாரடைப்போ சர்க்கரையோ வருகிறதா, வருவதற்கு முன்பே முடியைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. மற்ற டெஸ்டில் ஒன்றும் இல்லை என்று வருகிறவர்களுக்கும் இதில் ஏதாவது வரலாம் என்றாள். என் காது விடைத்துக்கொண்டது. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது.

"இது சாமிக்கு நேர்ந்த முடிம்மா. கத்தரி படக்கூடாது."

"ஓ, சரிங்கம்மா." வற்புறுத்தவில்லை. பையை மூடிக்கொண்டாள். எனக்குத்தான் அவள் எழுந்து போகப்போகிறாளே என்று இருந்தது. "மத்தவங்ககிட்ட எப்ப எடுப்பீங்க?" என்று கேட்டு நிறுத்தினேன்.

"ஆகஸ்ட்ல ஆரம்பிக்கலாம்னு சென்னையில திட்டம் போட்டிருக்காங்க."

எனக்கு வந்த சிரிப்பில் மருந்துச் சீட்டே கீழே விழுந்தது. "ஏம்மா, ஆடிக் கிருத்திகை முடிஞ்சு வந்து இந்த ஊர்ல முடி கேட்டா யாருகிட்ட இருக்கும்? பாதி ஊரு மொட்டையா நிக்கும். நீ கத்தரிய வெச்சிகினு கிணறு வெட்டுவியா?"

அவள் வாயைப் பிளந்தாள். சென்னையில் குளிர் அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டவர்களுக்கு இது தோன்றவில்லை. சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்பதால் இவளுக்கும் தோன்றவில்லை. அங்கேயே போனைப் போட்டு யாரிடமோ பேசினாள். முடி எடுப்பதை வைகாசிக்கே முன்னால் தள்ளிவிட்டார்கள். "உங்களாலதாம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தக் கையை நான் கழுவவில்லை. சிரிக்காதீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு மூச்சு முட்டியது. கம்பியைப் பிடித்த கை வியர்த்து வழுக்கியது. பக்கத்து சீட்டில் இருந்த பெண் எழுந்து இடம் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, "கூட யாரும் வரலியா?" என்று கேட்டாள். வரவில்லை என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் குமரவேலிடம் சொன்னேன்.

"அதான் எல்லா டெஸ்டும் எடுத்தாச்சே, ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே. தனியா இருக்கியா, எதையாவது மனசுல போட்டு ஒழப்பிக்கற. டிவி வெச்சிகினு படு."

டிவி வைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் ஜெபசெல்வியின் எதிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "வெட்டு. வெளிய தெரியாம வெட்டு."

"சாமிக்குன்னு சொன்னீங்களேம்மா?"

"சாமிக்கு இடுப்பு வரைக்கும் இருக்கு. உனக்கு மூணு சென்டிமீட்டர். அவரு கோச்சிக்க மாட்டாரு."

அவள் சீப்பால் முடியை வகிர்ந்து கிளிப் போட்டு மேலே தூக்கிக் கட்டினாள். ஒரு கை என் தலையைப் பிடித்திருந்தது. என் தலையை இன்னொருவர் தொட்டு எவ்வளவு நாள் ஆகிறது என்று யோசித்தேன். ஞாபகத்துக்கு வரவில்லை. சரக்கென்று ஒரு சத்தம். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கக் கூடாதா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடி இழுபட்டதால் என்று அவளிடம் சொன்னேன்.

ஆனி மாதத்தில் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் முடிவு சொல்வதில்லையாம், ரொம்ப அதிகமாக இருந்தால் மட்டும் கூப்பிடுவார்களாம். எனக்கு இருக்க வேண்டிய அளவைப்போல மூன்று பங்கு இருந்தது. அங்கிருந்த டாக்டர் மூட்டு வலிக்கு ஊசி போடுகிறேனா, நாட்டு மருந்துப் பொடி ஏதாவது சாப்பிடுகிறேனா, முகத்துக்குச் சிவப்பழகு கிரீம் பூசுகிறேனா என்று துருவித் துருவிக் கேட்டார். அதிலெல்லாம் இந்தக் கார்டிசோல் சாதி மருந்து கலந்திருந்தால் கணக்கைக் குழப்பிவிடுமாம். "என் மூஞ்சியப் பாத்தா கிரீம் பூசின மாதிரியா இருக்கு?" என்றேன். படுக்கும்போது போட ஒரு மாத்திரை கொடுத்து, மறுநாள் காலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கட்டி கிட்டி எதுவும் இல்லை என்று அதில் தெரிந்துவிட்டது.

"நோய்னு சொல்ல மாட்டேன்மா" என்றார் டாக்டர். "ஒரு கொத்து முடிய வெச்சு யாருக்கும் ஜாதகம் எழுத முடியாது. இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ஆனா உங்க ஒடம்பு மாசக்கணக்கா எதையோ எதிர்பார்த்து முழிச்சுக்கிட்டே இருக்கு. சர்க்கரையும் பிரஷரும் அதனாலதான் ஆடுதோன்னு சந்தேகம். இப்படியே போனா இதயத்துக்கு நல்லதில்ல. மாத்திரை எழுதலாம், ஆனா தனிமைக்கு நான் மாத்திரை எழுத முடியாது. அடுத்த தடவை வீட்ல இருந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. நான் அவங்ககிட்ட பேசணும்."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று பங்கு! பொய்யில்லை, கற்பனையில்லை, மனசில் போட்டு உழப்பிக்கொண்டதில்லை. ஒருவர் கூட வர வேண்டும் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். பஸ்ஸில் வரும்போதே குமரவேலிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

சனியன், அப்போதுதான் உறைத்தது. எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பானே? முடியை வைத்து என்றால், எந்த முடியை என்று கேட்பானே?

அந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறக்கலாம் என்று இருந்தபோது போனைச் சுஜாதா வாங்கினாள். "வதினா" என்றாள். அவர்கள் வீட்டில் நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "பாப்பாவுக்கு சளி கட்டிகினு விடவே மாட்டேங்குது. நேர்ந்தத சீக்கிரம் முடிங்கன்னு எங்க நைனா சொல்லிகினே இருக்காரு. உங்க முடிதான் வதினா பாப்பாவக் காப்பாத்திகினு இருக்குது. பத்திரமா பாத்துக்கங்க."

"ஆங், பாத்துக்கறேன்" என்றேன். வேறு என்ன சொல்ல? தம்பியைக் கூப்பிட ஒரு சாட்சி கிடைத்தது. அந்தச் சாட்சியை வெளியே எடுத்தால் நான் குழந்தையின் உயிரில் கை வைத்தவள் ஆகிவிடுவேன்.

ஆடி ஞாயிறு வந்தது. முந்தின நாள் சாயங்காலமே எல்லோரும் வந்துவிட்டார்கள். குமரவேல், சுஜாதா, குழந்தை, சுஜாதாவின் அப்பா அம்மா, அண்ணன் சிங்காரம். வீடு நிறைந்துவிட்டது. யாரோ என் டம்ளரில் காபி குடித்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். யாரோ என் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டுக் கதவில் போட்டிருந்தார்கள். குழந்தை என் மிளகு டப்பாவைக் கொட்டியது. நான் வாயால் திட்டிக்கொண்டே உள்ளுக்குள் இது இப்படியே இருக்கட்டும் முருகா என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

காலையில் சரவணப் பொய்கைப் பக்கம் மொட்டை போடும் மண்டபத்துக்குப் போனோம். குழந்தைக்கு முதல் மொட்டை என்றால் தாய்மாமன் மடிதான். சிங்காரம் புது வேட்டி கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டது, எல்லோரும் அதைச் சுற்றி நின்று கை தட்டிக் கிலுகிலுப்பை ஆட்டினார்கள். அத்தைக்கு அந்தச் சடங்கில் இடம் கிடையாது. நான் இரண்டு ஆள் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஜடையை அவிழ்த்தேன்.

முடியை நனைக்க வேண்டும். குமரவேல் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்தான். "குனிக்கா" என்றான். தண்ணீரை ஊற்றி விரலால் நன்றாக அளைந்து தேய்த்தான். சின்ன வயதில் அவன் தலையை நான் இப்படித்தான் தேய்ப்பேன், சீயக்காய் கண்ணில் பட்டு என்னைக் கிள்ளுவான். எனக்கு அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருந்தது.

அவன் விரல்கள் பின்னந்தலையில் வந்து நின்றன. குட்டையாக வளர்ந்திருந்த அந்த இடத்தைத் தடவிப் பார்த்தன. மறுபடியும் தடவின.

"இன்னாக்கா இது?" குரல் இறங்கியிருந்தது. "இங்க வெட்டியிருக்குது."

"ஒரு டெஸ்ட்டுக்குடா. ஆஸ்பத்திரியில கேட்டாங்க. ஒடம்புல கவலை எத்தினி இருக்குதுன்னு முடியில பாக்கறாங்க. எனக்கு..."

"மெதுவாப் பேசு!" அவன் திரும்பிச் சுஜாதாவைப் பார்த்தான். அவள் குழந்தையின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நனைந்த முடியை இழுத்து அந்த இடத்தை மூடி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். "பாப்பாவுக்கு நேர்ந்தது இல்லக்கா? இப்படிப் பண்ணுவியா? எதனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?" என்று என் காதருகில் சொன்னான். பிறகு மொட்டை போடுகிறவரிடம், "அண்ணே, இவங்களுக்கு மொதல்ல எடுத்துடுங்க, சீக்கிரம்" என்றான்.

கத்தி இறங்கியது. முடி மடியில் விழுந்தது, தரையில் விழுந்தது, ஒருவர் வந்து வாரி மற்றவர்கள் முடியோடு சேர்த்து எடுத்துப் போனார். தலையில் சந்தனம் பூசினார்கள். சுஜாதா ஓடி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் குமரவேலைப் பார்த்தேன். அவன் குழந்தையின் நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மலை ஏறி, சாமி பார்த்து, என் வீட்டில் சாப்பிட்டு, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். எல்லோரும் ஏறின பிறகு குமரவேல் மட்டும் கீழே இறங்கி என்னை ஓரமாகக் கூட்டிப் போனான். "அக்கா, ஒண்ணு கேக்கணும்." கேட்கப்போகிறான். டெஸ்ட்டில் என்ன வந்தது என்று கேட்கப்போகிறான். மூன்று பங்கு, மூன்று பங்கு என்று நாக்கு நுனியில் வைத்துக்கொண்டேன்.

"அவங்க எடுத்த முடிய திரும்பக் கேட்டு வாங்க முடியுமா? உண்டியல்ல போட்டுட்டா தோஷம் இல்லன்னு தோணுது."

"கேட்டுப் பாக்கறேன்" என்று சொன்னேன். ரயில் கிளம்பிவிட்டது, ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.

மறுநாள் ஜெபசெல்வியிடம் கேட்டேன். "அத அலசி, காயவெச்சு, பொடி பண்ணி, மருந்துல ஊறப்போட்டுத்தாம்மா அளப்பாங்க. எதுவும் மிச்சம் இருக்காது." என் மொட்டையைப் பார்த்து, "மறுபடி வளர்றத எடுத்துக்கலாம்மா, மூணு மாசம் கழிச்சு வரேன். இன்னும் சுத்தமா இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாள்.

அன்று மத்தியானம் குமரவேலிடமிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை! வேலை நேரத்தில்! ஸ்பீக்கர் இல்லை, வண்டி துடைக்கும் சத்தம் இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு என்னோடு மட்டும் பேசினான். "கேட்டியாக்கா? கிடைக்குமா?"

பொடியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். "சென்னையில இருக்குதாம்டா. தேடிப் பாத்துச் சொல்றேன்னாங்க" என்று வந்தது.

செவ்வாய்க்கிழமையும் கூப்பிட்டான். புதன்கிழமை இரண்டு தடவை. நானும் கதை கட்டினேன். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம், சாவி வைத்திருக்கிறவர் லீவாம், பேர் எழுதின சீட்டு மாறிவிட்டதாம். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகும்போது நேரிலேயே கேட்கிறேன் என்றும் சொல்லிவைத்தேன். பேச்சோடு பேச்சாக நான் சாப்பிட்டேனா என்றுகூட ஒரு நாள் கேட்டான். அந்த நாட்களில் எனக்குப் படபடப்பு வரவில்லை. நன்றாகத் தூங்கினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஆவணி பிறந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பந்தியில் உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டான். அடுப்பறைக்குப் பின்னால் போய் எடுத்தேன்.

"அக்கா, வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லிட்டேன். நீ டாக்டரப் பாக்கப் போறியே, நானும் வரேன். நானே நேர்ல உக்காந்து கேட்டு வாங்கிடறேன்."

நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன். வருகிறான். பெஞ்சில் பக்கத்தில் உட்காருவான். பேரைக் கூப்பிடும்போது கூட எழுந்து வருவான். டாக்டர் அவனிடம் பேசுவார், எல்லாம் அவன் காதில் விழும். ஆங், வா என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"என்னால முடியலக்கா" என்றான். குரல் தேய்ந்து கிடந்தது. "தூக்கமே கிடையாது. பாப்பா தும்மினா எழுந்து உக்காந்துக்கறேன். நெஞ்சு பாட்டுக்கு அடிச்சிகினே இருக்குது. சுஜாதாகிட்ட சொல்லவும் முடியல. யாருகிட்ட சொல்றது?"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? எனக்குள்ளேயே எத்தனை மாதம் கேட்டது. என் கவலையை இறக்கி அவன் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வளர்த்தவள் செய்கிற காரியமா இது? இப்போது பொடியாகிவிட்டது என்ற உண்மையைச் சொன்னால் ஆயுசுக்கும் ஒவ்வொரு தும்மலுக்கும் எழுந்து உட்காருவான்.

"கிடைச்சிடுச்சுடா" என்றேன்.

"இன்னா?"

"முடி கிடைச்சிடுச்சு. காலையில குடுத்தாங்க. மலைக்குப் போய் உண்டியல்ல போட்டுட்டுத்தான் ஸ்கூலுக்கே வந்தேன். ஒனக்குச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"நெஜமாவாக்கா?"

"நெஜமா. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது. நிம்மதியாத் தூங்கு."

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கொஞ்சம் அழுதான் என்று நினைக்கிறேன். உள்ளே பிள்ளைகள் சாம்பார் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். போட்ட லீவுதானே, பரவாயில்லை, சும்மாவாவது வருகிறேன் என்று சொல்வான். சொல்ல வேண்டும். வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்றை மட்டும் சொல்லட்டும்.

"அப்பாடா" என்றான். "உயிர் வந்துச்சுக்கா. அப்ப வெள்ளிக்கிழமை லீவ கேன்சல் பண்ணிடறேன்."

"பண்ணிடு" என்றேன்.